எண்ணெயை மாற்றிய தீவு

விமான நிலையத்தை விட்டு வண்டி வெளியேறியதும் இரண்டு பக்கமும் கரும்பு. நம்மூர்க் கரும்புக் காட்டில் காணாத ஒன்று அங்கே நடுநடுவே நின்றது. ஆள் உயரத்துக்கும் மேலே, சதுரமாகவும் கூம்பாகவும் அடுக்கிய கருங்கல் குவியல்கள். பாத்தி கட்டின காட்டுக்குள் இவ்வளவு கல்லை எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"எரிமலைக் கல்லுங்க மாமா. காட்டைத் திருத்தினப்ப கூலிக்கு வந்தவங்க கையால பொறுக்கி அடுக்கினது" என்றான் தங்கை மகன். எபென் என்கிற ஊரில் கணினி வேலை பார்க்கிறான். கோவையிலிருந்து மும்பை போய், அங்கிருந்து மொரீஷியஸுக்கு என்னை வரவழைத்தவன் அவன்தான்.

1834-லிருந்து சுமார் எண்பத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவில் வந்து இறங்கினார்கள். தமிழர்களும் அதில் உண்டு. அவர்கள் கால் வைத்த படிக்கட்டு போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இன்னும் இருக்கிறது. ஆப்ரவாசி காட் என்று பெயர். 2006-ல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக்கியது. நமக்கும் இந்தத் தீவுக்கும் கரும்பிலும் ஒட்டு உண்டு. கோவையில் 1912-ல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் வந்து 'கோ' ரகங்கள் பிறப்பதற்கு முன்னால், சென்னை மாகாணத்தில் பயிரான ரகங்களில் ஒன்றின் பெயரே 'சிவப்பு மொரீஷியஸ்'.

கரும்பைப் பார்க்கப் போனவன் கடைசியில் எண்ணெயைப் பற்றித்தான் தெரிந்துகொண்டு வந்தேன்.

போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தையில் காலையிலேயே எண்ணெய்ச் சட்டி காய்ந்துவிடுகிறது. பருப்பைக் கரகரப்பாக அரைத்து, பச்சை மிளகாயும் வெங்காயத்தாளும் கொத்தமல்லியும் கிள்ளிப் போட்டு, எலுமிச்சை அளவுக்கு உருட்டிப் பொரிக்கிறார்கள். 'காத்தோ பிமாங்' என்கிறார்கள். தட்டாமல் உருட்டிய பருப்பு வடை, அவ்வளவுதான். அதை வெண்ணெய் தடவின ரொட்டிக்குள் வைத்து அமுக்கிக் காலைச் சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள். பக்கத்துக் கடையில் தால் பூரி. வேகவைத்துப் பொடித்த பருப்பை உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய ரொட்டி. தோசைக்கல்லில் எண்ணெய் தடவி வாட்டி, அவரைக்கொட்டைக் குழம்பும் தக்காளித் தொக்கும் சட்னியும் வைத்துச் சுருட்டி, இரண்டிரண்டாகத் தாளில் மடித்துக் கொடுக்கிறார்கள். வரிசை குறையவே இல்லை. எண்ணெய் இல்லாமல் இந்த ஊருக்குப் பொழுது விடியாது போலிருக்கிறது.

அங்கே துணைக்கு வந்தவர் ஒரு தமிழாசிரியர். வீட்டில் பேசுவது கிரியோல். தமிழை மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் படித்துக் கற்றவர். அதனால் ஏட்டுத் தமிழ்தான் பேசுவார்.

"ஐயா, தாங்கள் உண்ணும் இந்த வடை வேகும் எண்ணெய்க்கு ஒரு வரலாறு உண்டு" என்றார்.

"சொல்லுங்கய்யா."

"நான் சிறுவனாக இருந்தபோது ரேஷன் எண்ணெய் என்றால் பெரும்பாலும் பனை எண்ணெய்தான். 1987-இல் செவிலியர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். என் தந்தையார் வெறும் வயிற்றோடு சென்று ரத்தம் கொடுத்தார். பிறகு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, மீண்டும் ரத்தம் எடுத்தார்கள். பசியோடு வந்து எங்கள்மீது எரிந்து விழுந்தார். அதற்குப் பின் அரசு எண்ணெயை மாற்றிவிட்டது."

அவர் சொன்ன பனை எண்ணெய் நம் ரேஷன் கடைப் பாமாயில். அன்று ராத்திரி தங்கை மகன் கணினியில் தேடிக் கொடுத்த கட்டுரைகளைப் படித்தேன். 1995-லும் 1996-லும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தவை. படிக்கப் படிக்க, கடலையும் மலையையும் விட இதுதான் இந்தத் தீவின் அதிசயம் என்று பட்டது.

எண்பதுகளில் இங்கே மாரடைப்பும் சர்க்கரை நோயும் பெரிய நோய்களாகிவிட்டன. உலக சுகாதார நிறுவனம், மெல்போர்னின் சர்வதேச நீரிழிவு நிறுவனத்தைச் சேர்ந்த பால் சிம்மெட், பின்லாந்தின் யாக்கோ துவோமிலேட்டோ போன்றவர்களோடு மொரீஷியஸ் சுகாதார அமைச்சகம் சேர்ந்தது. முதலில், வாத்தியார் சொன்ன அந்த 1987-ல், தேர்ந்தெடுத்த ஊர்களில் 25 முதல் 74 வயது வரை 5,000-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தையும் எடையையும் ரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். அதன்பிறகே பிரசாரமும் சட்டமும். ரேஷன் எண்ணெய் பாமாயிலிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாறியது அதில் ஒரு அங்கம். 1992-ல் திரும்பவும் அதே ஊர்கள், மறுபடியும் ரத்தம்.

சராசரிக் கொலஸ்ட்ரால் 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. நம் ஆய்வகச் சீட்டுக் கணக்கில் சொன்னால் சுமார் 213-லிருந்து 182. ஒரு ஆளுக்கு இப்படிக் குறைந்தால் டாக்டர் கைகொடுப்பார். இங்கே குறைந்தது ஒரு நாட்டின் சராசரி. அதுவும் ஐந்தே ஆண்டில்.

இதை எண்ணெய்தான் செய்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? அதே ஐந்து ஆண்டில் ஆண்களில் புகைபிடிப்பவர்கள் 58 சதவீதத்திலிருந்து 47 சதவீதமாகக் குறைந்திருக்கிறார்கள். மிதமிஞ்சிக் குடிப்பவர்கள் 38-லிருந்து 14 சதவீதமாக. இத்தனையும் மாறும்போது எண்ணெய்க்கு மட்டும் எப்படிப் பேர் கொடுப்பது? ஆய்வாளர்கள் தனியாகக் கணக்குப் போட்டார்கள். எண்ணெய் மாறியதால் சாப்பாட்டில் நிறைகொழுப்பு எவ்வளவு குறைந்தது, அதற்கு எவ்வளவு கொலஸ்ட்ரால் இறங்க வேண்டும் என்று பார்த்தால், உண்மையில் இறங்கியதில் ஏறக்குறைய பாதி எண்ணெயின் பங்கு. மீதிப் பாதியை எண்ணெய் மாற்றத்தால் விளக்க முடியவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். முழுப் பேரையும் தட்டிக்கொள்ளாத அந்தப் பாதிதான் என்னை நம்ப வைத்தது.

தீவு என்பதால் இது முடிந்தது. மொரீஷியஸில் சமையல் எண்ணெய்க்கு வாசல் ஒன்றுதான், துறைமுகம். அங்கே ஒரு விதியை மாற்றினால் மலை மேல் குடிசை வரைக்கும் எண்ணெய் மாறிவிடும். காத்தோ பிமாங் பொரித்த அம்மாவுக்குக் கொலஸ்ட்ராலைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. நம் பக்கம் அப்படியா? காங்கேயத்தில் செக்கு, வெள்ளகோவிலில் கொப்பரைக் களம், மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட், ரேஷன் கடையில் பாமாயில், தள்ளுவண்டிக்காரரிடம் நாலையும் கலந்த ஏதோ ஒன்று. எது எதைச் செய்தது என்று பிரிப்பது பெரும்பாடு.

இந்த இடத்தில் கொங்குக்காரனுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. 2007-லிருந்து தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் மானிய விலையில் பாமாயில் தருகிறார்கள். லிட்டர் 25 ரூபாய். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கேயம் பக்கத்துத் தென்னை விவசாயிகள், வெளிநாட்டுப் பாமாயிலை நிறுத்திவிட்டு நம் தேங்காயெண்ணெயைக் கொடுங்கள் என்று வருஷக்கணக்காய்க் கேட்கிறார்கள். அந்தக் கூட்டங்களில் நானும் கை தட்டியிருக்கிறேன். தேங்காய் விலை விழுந்த வருஷத்தில் தோப்பு வைத்திருக்கிறவன் படும் பாட்டைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் தட்டுவார்கள்.

ஆனால் மொரீஷியஸ் கணக்கு எனக்குச் சாதகமாக இல்லை. பாமாயிலில் நிறைகொழுப்பு ஏறக்குறைய பாதி. சோயாவில் ஆறில் ஒரு பங்கு. தேங்காயெண்ணெயிலோ பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல். கடலெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்பது ஒரு நியாயம். ரேஷன் அட்டைக்காரரின் ரத்தக்குழாய் இன்னொரு நியாயம். எங்கள் வீட்டில் பொரிப்பதற்குக் கடலெண்ணெய், தாளிக்கத் தேங்காயெண்ணெய் என்று பழக்கம். அந்த அளவு வேறு, மாதாமாதம் லிட்டர் கணக்கில் ஊற்றுவது வேறு. தேங்காயெண்ணெய்க்காகப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தாண்டித்தான் வாதாட வேண்டும்.

மொரீஷியஸ் ஆய்வு தன் தோல்விகளையும் மறைக்கவில்லை. அதே ஐந்து ஆண்டில் அதிக எடை கொண்ட ஆண்கள் 26 சதவீதத்திலிருந்து 36-க்கும், பெண்கள் 38-லிருந்து 48-க்கும் ஏறியிருந்தார்கள். சர்க்கரை நோய் குறையவே இல்லை. இன்றும் உலகில் சர்க்கரை நோய் மிகுந்த நாடுகளில் இது ஒன்று. சர்க்கரை விற்றுப் பிழைத்த தீவு, 2013-ல் குளிர்பானத்திலுள்ள சர்க்கரைக்குக் கிராம் கணக்கில் வரி போட்டது. அதன் பலனைப் பொருளாதார ஆய்வாளர்கள் வரி இல்லாதிருந்த மாலத்தீவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் குடிப்பது மொத்தத்தில் குறைந்ததாகத் தெரியவில்லை, பையன்களிடம் மட்டும் ஓரளவு குறைந்த அறிகுறி என்று முடிவு வந்தது. ஒரு தீவின் கொள்கையை இன்னொரு தீவை வைத்து எடை போட்டிருக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் வாத்தியாரிடம் கேட்டேன், "எண்ணெய் மாறினப்ப ஜனங்க சண்டை போடலீங்களா?"

சிரித்தார். "வாசனை மாறிவிட்டது என்று என் தாயார் சில மாதங்கள் முணுமுணுத்தார். பிறகு மறந்துவிட்டார். என் தந்தையாருக்கு மட்டும் 1992-இல் மீண்டும் பட்டினியா என்று கோபம்."

மொரீஷியஸில் கற்றுக்கொள்ள வேண்டியது சோயா எண்ணெய் அல்ல. அவர்கள் மாற்றுவதற்கு முன்னால் அளந்தார்கள். மண்ணைச் சோதிக்காமல் உரம் போட்டுவிட்டு, விளைந்ததற்கு உரம்தான் காரணம் என்று சொல்கிறவனை நம்மூரில் யாரும் விவசாயி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அப்படியே விட்டுவிடுகிறோம். திட்டத்தின் வெற்றியை எத்தனை டன் வழங்கினோம் என்பதில் சொல்கிறோம். எத்தனை பேர் உடம்பில் என்ன மாறியது என்று கேட்பதில்லை.

கேட்பதற்கு வழி நம்மிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கோவையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது, எண்ணெய் ஆட்டும் ஊர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பொள்ளாச்சி வட்டத்தில் சில ரேஷன் கடைகளுக்குக் கடலெண்ணெய், சிலவற்றுக்குத் தேங்காயெண்ணெய், மற்றவற்றுக்குப் பழைய பாமாயில் என்று பிரித்து, கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறையும் ஐந்து ஆண்டு கழித்து ஒருமுறையும் ரத்தம் எடுத்துப் பார்க்கட்டும். தேங்காயெண்ணெய் தோற்றால் தென்னைக்காரர்களுக்கு வேறு வழியில் விலை கொடுக்க அரசைக் கேட்போம். ஜெயித்தால் எங்கள் கூட்டங்களில் கை தட்டுவதற்கு ஒரு ஆதாரம் கிடைக்கும். ரத்தம் கொடுக்க முதல் ஆளாக நான் வருகிறேன், வெறும் வயிற்றோடு.