பரிசமாக மாடு கேட்டபோது

மொழியின் தளர்ச்சி என்றதும் நாம் அரசையும் பள்ளியையுமே சாடுகிறோம். கென்யாவின் லைக்கிப்பியா வட்டாரத்தில், முகோகோடோ காட்டில் வாழும் யாக்கு மக்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு வேறொன்று புலப்பட்டது.

யாக்கு, சோமாலி மொழியைப் போன்று கூஷித்தியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைப் பேசியோர் பாறைக் குகைகளில் வாழ்ந்து, வேட்டையாடித் தேன் எடுத்தனர். பெண்ணுக்குப் பரிசமாகத் தேன்கூடுகளைக் கொடுத்தனர். மரத்தைக் குடைந்து செய்யும் கூடுகள் அவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆங்கிலேயர் ஆட்சியில், மாசாய் மொழி பேசும் கால்நடை வளர்ப்போர் அப்பகுதியில் பெருகினர். அவர்கள் யாக்குப் பெண்களை மணக்க மாடும் ஆடும் கொடுத்தனர். அதன்பின் தேன்கூட்டுக்கு யார் பெண் கொடுப்பார்? யாக்கு இளைஞனும் மாடு தேட வேண்டியதாயிற்று. மாட்டோடு மாசாய் மொழியும் வீட்டுக்குள் வந்தது. 1920, 1930களில், ஒரு தலைமுறைக்குள் பெற்றோர் பிள்ளைகளிடம் அதையே பேசலாயினர்.

யாரும் பிரம்பெடுத்து மிரட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். மாடில்லாதவரை மாசாய்கள் 'தொரோபோ' என்றழைத்தனர். ஏழை என்னும் இளக்காரம் அதில் உண்டு. அந்தப் பெயர் தம் பிள்ளையைத் தொடரக்கூடாது என்று எந்தத் தாய்தான் எண்ணமாட்டாள்? அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

மாடு வளர்ப்புக்கு யாக்கு மொழியில் போதிய சொற்கள் இல்லை, ஆகவே அது இனி உதவாது என்றும் கூறப்பட்டதாம். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சொல் இல்லையென்றால் கடன் வாங்கலாமே! கடன் வாங்காத மொழி எது? குறைந்தது சொல்லன்று, மதிப்பு.

2000களின் முற்பகுதியில் யாக்கு மக்களே தம் மொழியை மீட்க விரும்பினர். காட்டின் மீதுள்ள உரிமையை நிலைநாட்டும் எண்ணமும் அதில் கலந்திருந்தது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக மொழியியலாளர் மார்டன் மோஸ் முதலியோர் அங்குச் சென்றனர். அப்போது அம்மொழியை நினைவில் வைத்திருந்தோர் முதியவர் சிலரே.

அவர்கள் இன்று பேசும் மாசாய் மொழியில் ஒரு வியப்பு உண்டு. மாட்டைப் பற்றிய பேச்செல்லாம் மாசாய்ச் சொற்களில் நடக்கிறது. தேனீயையும் காட்டுச் செடிகொடிகளையும் பற்றிப் பேசும்போது மட்டும் பழைய யாக்குச் சொற்கள் இடையிடையே வந்துவிடுகின்றன.