தேர்தல் மேடையும் பொய்யுரையும்

சந்தையிலே குறைந்த படியால் நெல் அளந்து விற்பவன் தண்டிக்கப்படுகிறான். பொய்யுறுதி கூறிக் காணி விற்பவன் நீதிமன்றப் படியேற வேண்டியவனாகிறான். ஆனால், பொய்யென அறிந்தே ஒன்றை மேடையிற் கூறி வாக்குப் பெற்றவனோ மாலை சூடிப் பாராளுமன்றம் புகுகிறான். வஞ்சித்துப் பெற்ற கையொப்பத்தைச் செல்லாதென ஒதுக்கும் சட்டம், வஞ்சித்துப் பெற்ற வாக்கை மட்டும் செல்லுமெனக் கொள்வது எங்ஙனம்?

சட்டம் இவ்விடயத்தில் முற்றாக வாய்மூடியிருக்கவில்லை. வேட்பாளரொருவரின் தனிப்பட்ட ஒழுக்கம், நடத்தை ஆகியன பற்றிப் பொய்க்கூற்று வெளியிடுவதைப் பிரித்தானியா 1895இலேயே குற்றமாக்கியது. இலங்கையின் 1946ஆம் ஆண்டுத் தேர்தற் கட்டளையிலும் அவ்விதி இடம்பெற்றது. எனினும், வேட்பாளரின் மானத்தைக் காக்க எழுந்த இவ்விதி வாக்காளரின் அறிவைக் காக்க எழுந்ததன்று.

2010 மே மாதத்தில் இங்கிலாந்தின் ஓல்டம் கிழக்கு - சாடில்வேர்த் தொகுதியில், தொழிற்கட்சியைச் சேர்ந்த பில் வூலாஸ் 103 வாக்குகளால் வென்றார். எதிர்த்துப் போட்டியிட்டவர் தீவிரவாதிகளின் ஆதரவை நாடினாரென அவருடைய பிரசுரங்கள் கூறியிருந்தன. அக்கூற்றுகள் பொய்யென்று கண்ட தேர்தல் நீதிமன்றம், நவம்பர் மாதத்தில் அவரது தெரிவை இரத்துச் செய்தது. தாம் தொகுதியில் வசிப்பதாக அளித்த வாக்குறுதியை எதிராளி மீறினாரென்ற கூற்றைப் பொறுத்தவரையில், அது அரசியல் சார்ந்ததே, தனிநடத்தை பற்றியதன்று என மேல்நீதிமன்றம் பின்னர் விலக்களித்தது. ஏனைய கூற்றுகளுக்காகத் தீர்ப்பு நிலைத்தது. 2011 சனவரியில் நடந்த இடைத்தேர்தலிலும் தொழிற்கட்சியே வென்றது. சட்டம் மக்களின் தெரிவைப் பறிக்கவில்லை. அதனைக் களங்கமின்றி மீளச் செய்யும் வாய்ப்பையே அவர்களுக்கு அளித்தது. ஆயினும், அதற்கு எட்டு மாதங்கள் சென்றன.

உண்மையைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினா புறந்தள்ளத் தக்கதன்று. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், தேர்தற் பொய்களை விசாரிக்க ஓர் ஆணைக்குழு இருந்தது. வாக்களிப்பு நெருங்கும் வேளையில் எதிராளிமீது முறைப்பாடு செய்து, அதனையே ஆயுதமாக்க வழி பிறந்தது. 2016இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. ஆட்சியிலிருப்போர் கைக்கு இத்தகைய வாள் கிடைப்பின், பொய்யை வெட்டுமுன் எதிர்க்குரலையே அது வெட்டிவிடும்.

தென் அவுஸ்திரேலியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டமோ வேறு வழி சென்றது. தேர்தல் விளம்பரத்தில் உண்மைபோற் கூறப்படும் செய்தி பெருமளவில் பிழையானதாயும் தவறாக வழிநடத்துவதாயும் இருப்பின், அதனை மீளப்பெற்றுத் திருத்தம் வெளியிடுமாறு தேர்தல் ஆணையாளர் கோரலாம், நீதிமன்றம் கட்டளையிடலாம். கருத்துக்கும் எதிர்வுகூறலுக்கும் அங்கே தடையில்லை.

ஆகவே, வேண்டப்படுவது குறுகிய எல்லையுடைய சட்டமே. வாக்குறுதியும் கொள்கையும் மக்கள் தீர்ப்புக்கு உரியன. அவை மன்றேற வேண்டியவையல்ல. சான்றுகொண்டு நிறுவக்கூடிய செய்தி, அறிந்தே பொய்யாகச் சொல்லப்பட்டதெனின், அதுவே குற்றமாதல் வேண்டும். அதனை நிறுவும் பொறுப்பு குற்றஞ்சாட்டுபவருடையதாகவும், தீர்ப்பளிப்பது சுதந்திரமான நீதிமன்றமாகவும் அமைதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வாக்களிப்புக்கு முன்னரே திருத்தம் வெளிவருதல் வேண்டும். பொய்யனுக்குக் கிடைக்கும் தண்டனையிலும், புள்ளடியிடும் கைக்கு உரிய வேளையிற் கிடைக்கும் உண்மையே பெரிது.