அப்பா கொண்டு வந்த ட்ரவுட்

இந்தக் கோடை விடுமுறைக்கு முன்னால் என் மகன் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து நீட்டினான். மலை ஆற்றங்கரையில் கூடாரம், ராத்திரி நெருப்பு மூட்டிக் குளிர் காய்தல், பகலில் ட்ரவுட் மீன் பிடித்தல். இமாசலப் பிரதேசத்தில் குலு மாவட்டமாம். ஒரு ஆளுக்கு அவர்கள் கேட்டிருந்த தொகையைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. நாலு பேருக்கு என்று பெருக்கினால், ரயில் சார்ஜ் தவிர்த்தே எங்கள் வீட்டு மூன்று மாத மளிகை, பால், கரண்ட் பில் எல்லாம் அதில் அடங்கிவிடும். விசாரித்துப் பார்த்தேன். மீன் பிடிக்கும் லைசென்ஸை அங்கே அரசாங்க மீன்வளத் துறையே நாள் கணக்கில் கொடுக்கிறது. அது ஒன்றும் பெரிய தொகை இல்லை. கூடாரக்காரர்கள் கேட்பதுதான் யானை விலை.

"வேண்டாம்டா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினாள்.

"ட்ரவுட்டா? அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? உங்க தாத்தா ஊட்டிப் பக்கமே கொண்டாந்தாரே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் காரணம் எனக்கு அப்போது புரியவில்லை.

1988 மே மாதம் அது. எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு எட்டு. அப்பா தாம்பரம் கார் ஷெட்டில், மீட்டர் கேஜ் மின்சார ரயில்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மூங்கில் கழியும் மண்புழு டப்பாவுமாகப் பீர்க்கங்கரணை ஏரிக்கரைக்குப் போய்விடுவார். கெண்டை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு விரால். வெறுங்கையோடு திரும்பும் நாளும் உண்டு.

அந்த வருஷத் தொடக்கத்தில் அம்மாவுக்கு எட்டாம் மாசத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்து போயிற்று. பெண் குழந்தை. எங்களிடம் யாரும் விவரமாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சமைப்பாள், துணி துவைப்பாள், எங்களுக்குத் தலை வாரிவிடுவாள். வேலை முடிந்ததும் கொல்லைப்படியில் போய் உட்கார்ந்துவிடுவாள். சாயங்காலம் பூ கட்டும் பழக்கமும் நின்று போயிற்று. இன்றைக்கு என்றால் இதை மனச்சோர்வு என்று சொல்லி வைத்தியம் பார்க்கச் சொல்வார்கள், பார்க்கத்தான் வேண்டும். அப்போது எங்கள் காலனியில், "இன்னொண்ணு பெத்துக்கிட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்பதுதான் வைத்தியம். வயதான ஒரு லேடி டாக்டர் மட்டும் அப்பாவிடம், "கொஞ்ச நாள் வேறே ஊர் கூட்டிட்டுப் போங்க" என்றாராம்.

அம்மா கேட்பாளா? "எனக்கு எதுக்கு ஊரு? இருக்கிற கடன் போதாதா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். நாம் எல்லாரும் அப்படித்தானே சொல்லுவோம்!

பக்கத்து வரிசையில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அந்த அங்கிள் ரிடையர் ஆன ரயில் டிரைவர். ஒருநாள் அவர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு நீளமான துணிப்பையை அப்பா வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே ராட்டினம் வைத்த தூண்டில் கழி. ஒரு சிகரெட் டப்பாவில் இறகு கட்டின கொக்கிகள், கரண்டி மாதிரி மின்னும் ஒரு பித்தளைத் தூண்டில்.

"மண்புழு போடக் கூடாது மேன், அது ஜென்டில்மேன் மீன்" என்று அங்கிள் சொல்லி அனுப்பினாராம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா அறிவித்தார். "எனக்கு ட்ரவுட் பிடிக்கணும். ரொம்ப நாள் ஆசை. பாஸ் இருக்கு, லீவு இருக்கு. ஆனா அங்கே சமைச்சுப் போட ஆள் வேணும்."

தனக்காக என்றால் வராத அம்மா, சமைக்க ஆள் வேண்டும் என்றதும் புளிக்காய்ச்சல் கிளற ஆரம்பித்துவிட்டாள்.

போகிற செலவு ஒரு காசு இல்லை. தாம்பரத்திலிருந்து பார்க் ஸ்டேஷன், ரோட்டைத் தாண்டினால் சென்ட்ரல், ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ், விடியலில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து மலை ரயில். எல்லாம் பாஸ். அந்த 46 கிலோமீட்டரை ஏற அரை நாள் பிடித்தது. இன்ஜின் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளியதில் தம்பிக்கு ஒரே ஆச்சரியம். அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் வந்தாள்.

ஊட்டியில் 'ஃபிஷ்டேல்' என்று மீன்வளத் துறை ஆபீஸ். லைசென்ஸ் அங்கேதான். அப்பா மார்க்கெட்டில் வாங்கின கம்பளித் தொப்பியைவிட லைசென்ஸ் மலிவு. தங்குவதற்கு லாட்ஜ் எல்லாம் கட்டுப்படியாகாது. அப்பாவோடு வேலை பார்த்தவரின் மைத்துனர் எமரால்டில் மின்வாரிய கேம்பில் இருந்தார். அந்தப் பக்கத்து அணைகளெல்லாம் கனடா நாட்டு உதவியோடு கட்டிய குந்தா மின்திட்டத்தைச் சேர்ந்தவை. அவர்கள் குவார்ட்டர்ஸ் ஒரே அறை, ஆறு பேர் இருந்தார்கள். நாங்களும் போய் நின்றால்? பின்பக்கம் காலி இடத்தில் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக் கொடுத்தார்கள். அதுதான் எங்கள் கூடாரம். கீழே வைக்கோல், மேலே ஜமுக்காளம், இரவல் கம்பளி. மே மாதத்திலும் ராத்திரி பல் கிட்டியது. நடுவில் எங்கள் இரண்டு பேரையும் போட்டு, இரண்டு ஓரமும் அப்பா அம்மா. தாம்பரம் வீட்டில் அம்மா தனியாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததற்கு இது தேவலை என்று எனக்குத் தோன்றியது.

சமையலில்தான் வேடிக்கை. கெரசின் ஸ்டவ்வில் துவரம் பருப்பை ஏற்றினால் ஒன்றரை மணி நேரம் ஆகியும் கல்லாகவே இருந்தது. ஸ்டவ்மேல் பழி போட்டோம். அந்த வீட்டு அக்காதான் விளக்கினாள். மலைமேல் போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். நம் ஊரில் 100 டிகிரி என்றால் அங்கே 93 டிகிரிதான். எவ்வளவு கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கர் இல்லாமல் மலைக்குப் போகிற சகோதரிகள் பாசிப்பருப்பு, ரவை, அவல் என்று கொண்டு போங்கள். துவரம் பருப்பை நம்பாதீர்கள்.

அப்பா தேடிப்போன மீனுக்கு அந்தக் குளிர்தான் உயிர். நம் ஏரித் தண்ணீரில் அது ஒரு நாள்கூடத் தாங்காது. சில்லென்று, தெளிவாக, ஓடிக்கொண்டே இருக்கிற தண்ணீர் வேண்டும். சொந்த ஊர் வட அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து ஆறுகள். 1860களில் டாக்டர் பிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்காரர் ட்ரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். கப்பல் பயணத்தின் சூட்டில் முட்டைகள் பிழைக்கவில்லை. பிறகு சென்னை மாகாண அரசின் மீன் நிபுணர் எச். சி. வில்சன் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை அமைத்தார். நியூசிலாந்திலிருந்து வந்த வானவில் ட்ரவுட் முட்டைகள்தான் கடைசியில் நிலைத்தன. அவலாஞ்சி என்ற பெயரே அங்கே முன்னொரு காலத்தில் ஏற்பட்ட பெரிய நிலச்சரிவால் வந்தது.

முதல் நாள் நானும் அப்பாவும் ஓடைக்கரையில் நின்றோம். நான் சிகரெட் டப்பா தூக்குகிற ஆள். மண்புழுவைக் கோத்துவிட்டுக் காத்திருந்த கைக்கு இறகுத் தூண்டிலைச் சுழற்றி வீசத் தெரியவில்லை. மரக்கிளையில் ஒரு கொக்கி போயிற்று, என் பாவாடையில் ஒன்று மாட்டியது. தண்ணீருக்குள் மீன்கள் தெரிந்தன. நாங்கள் அசைந்தால் அவையும் மறைந்தன. இரண்டாம் நாளும் அப்படியே. அன்று அம்மாவும் தம்பியும் எங்களோடு வந்து பாறையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா காலைத் தண்ணீரில் வைத்துவிட்டு, "ஐயோ, ஐஸு!" என்று இழுத்துக்கொண்டாள். அப்புறம் மறுபடி வைத்தாள்.

மூன்றாம் நாள் நான் எழுந்திருக்கும் முன்பே அப்பா தனியாகக் கிளம்பிப் போய்விட்டார். பத்து மணிக்குத் திரும்பி வந்தார். கையில், பெரணி இலையில் சுற்றின ஒரு மீன்! ஒரு சாணுக்கு மேல் இருக்கும். பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. "கடைசி வீச்சில் மாட்டினான்" என்றார். தம்பி குதித்தான்.

அம்மா அதை வாங்கிக் கழுவினாள். செதில் மிகச் சிறிசு, சாம்பலே தேவைப்படவில்லை. மஞ்சள், உப்பு, தட்டின மிளகு மட்டும் தடவி, கொஞ்சமே நல்லெண்ணெயில் இரண்டு பக்கமும் புரட்டி எடுத்தாள். உள்சதை இளஞ்சிவப்பாக இருந்தது. நாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு.

அப்பா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மென்றாள், விழுங்கினாள்.

"ஏங்க, இதுக்கா இவ்வளவு தூரம்? நம்ம ஏரிக் கெண்டை இதைவிட ருசி!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகவே மாறிவிட்டது. அப்பா எங்களை வெளியே போய் விளையாடச் சொன்னார். தார்ப்பாய்க்கு உள்ளே அம்மா வெகு நேரம் அழுவது கேட்டது. அன்றைக்கு முன்னால் அவள் அழுது நான் கேட்டதே இல்லை.

மொத்தச் செலவு 350 ரூபாய்க்குள் முடிந்தது. ஊருக்குத் திரும்பிய அடுத்த வாரம் அம்மா கனகாம்பரம் வாங்கிவரச் சொன்னாள்.

இப்போது அவலாஞ்சிக்கு அப்படிச் சுலபமாகப் போக முடியாது. வனத்துறை வண்டியில்தான் காட்டுக்குள் கூட்டிப் போகிறார்கள். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். தூண்டிலோடு போக நினைப்பவர்கள் மீன்வளத் துறை, வனத்துறை இரண்டிடமும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இமாசலத்துக்கே போவதானாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தடைக்காலம், ஞாபகம் இருக்கட்டும்.

அப்பா போய் எட்டு வருஷமாகிறது. அங்கிள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனபோது கழியை எங்களிடமே விட்டுவிட்டார். அது இன்னும் எங்கள் வீட்டு லாஃப்டில் இருக்கிறது. மகன் அதை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன், "அன்னைக்கு எதுக்கும்மா அப்படிச் சிரிச்சே?"

அம்மா கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள்.

"அந்த மீனை உங்கப்பா பிடிக்கலைடி. யார்கிட்டயோ காசு குடுத்து வாங்கிட்டு வந்தாரு. வாயில கொக்கி குத்தின காயமே இல்ல. நான்தானே கழுவினேன்?"

"அவர்கிட்ட சொல்லவே இல்லையா? இத்தனை வருஷமா?"

"எப்படிச் சொல்றது? சொன்னா மறுநாள் விடியக்காலையில அந்தக் குளிர்ல மறுபடியும் கழியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாரு."