பொட்டலத்தில் வந்த கடிதம்

செல்போன் ரிப்பேர் கடைகளில் ஒரு சீட்டு எழுதுகிறார்கள். பெயர், நம்பர், என்ன கோளாறு, அட்வான்ஸ் எவ்வளவு. ஓரத்தில் ஒன்பது புள்ளிகள். "பேட்டர்ன் போடுங்க சார்" என்று பையன் பேனாவை நீட்டுகிறான். மார்கழிக் கோலம் போடுகிற அக்கறையோடு புள்ளிகளை இணைத்துக் கொடுத்துவிட்டு வருகிறோம். அவன் அந்தச் சீட்டைப் போனின் முதுகிலேயே செலோடேப் போட்டு ஒட்டிவிடுகிறான். ஏ.டி.எம். நம்பரைப் பெற்ற பிள்ளையிடம் சொல்ல யோசிப்பவர்கள்கூட இங்கே மறுபேச்சுப் பேசுவதில்லை.

கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். லேப்டாப்களில் வேண்டுமென்றே சத்தம் வராமல் செய்து, யார் எதைத் திறந்தாலும் பதிவாகும்படி உள்ளே ஏற்பாடும் செய்து, ஒன்டாரியோவில் 16 கடைகளில் ரிப்பேருக்குக் கொடுத்தார்கள். 2022இல் முடிவு வந்தது. ஆறு கடைகளில் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். இரண்டில் பிரதியும் எடுத்திருந்தார்கள். சிலர் பார்த்த தடயத்தையும் துடைத்திருந்தார்கள். அந்தக் கோளாறைச் சரிசெய்ய ஒரு படத்தையும் திறக்க வேண்டியதில்லை.

இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, வறுகடலை ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்கினால், தின்று முடித்த கையோடு பொட்டலத் தாளைப் பிரித்துப் படிப்பேன். ஏழாம் வகுப்பு சரித்திரப் பேப்பர் வரும், நூற்றுக்குப் பதினெட்டு. கூட்டுறவுச் சங்கத்து நோட்டீஸ் வரும், யாரோ ஒருவருடைய பாக்கியோடு. ஒரு நாள் நீல இன்லண்ட் லெட்டரில் பாதி வந்தது. மகள் அம்மாவுக்கு எழுதியது. செயினை அடகு வைத்திருக்கிறாள், தீபாவளிக்குள் மீட்டுவிடுவாளாம், அது வரைக்கும் அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். அதோடு தாள் கிழிந்திருந்தது. மீதியைத் தேடி அதே கடையில் இன்னொரு பொட்டலம் வாங்கினேன். ரேஷன் கடைக் கணக்குதான் வந்தது. அந்தச் செயின் மீண்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ரிப்பேர் கடைப் பையனை அயோக்கியன் என்று சொல்ல எனக்கு வாய் வராததற்கு இதுதான் காரணம். எழுத்து கையில் அகப்பட்டால் கண் அதில் ஓடத்தான் செய்யும். ஆனால் நான் படித்தது பாதிக் கடிதம். அவன் கையில் முழுக் குடும்பமே இருக்கிறது.

அந்தக் காலத்து வீடுகளில் உருத்தெரியாமல் கிழிக்கப்பட்டது சாவுச் செய்தி வந்த கார்டு ஒன்றுதான். படித்த கையோடு வாசலிலேயே கிழித்துப் போடுவார்கள். மற்றதெல்லாம் கம்பியில் குத்தித் தொங்கும், பிறகு எடைக்குப் போகும். கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் 'டெலீட்' என்பதும் எடைக்குப் போடுகிற மாதிரியான காரியமே. கோப்பின் விலாசத்தை மறந்துவிட்டு, "இந்த இடம் காலி" என்று எழுதிக்கொள்கிறது. மேலே வேறு எதையாவது எழுதும்வரை பழையது அங்கேயே கிடக்கிறது. எம்.ஐ.டி. மாணவர்கள் இருவர், சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும், 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிக் குடைந்து 2003இல் எழுதினார்கள். ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12. ஒன்று ஏ.டி.எம். இயந்திரத்திலிருந்து வந்தது, கணக்கு எண்களோடு.

இன்றைய போன்கள் பரவாயில்லை. உள்ளே இருப்பதையெல்லாம் சங்கேதமாக்கியே வைத்திருக்கின்றன. 'ஃபேக்டரி ரீசெட்' கொடுத்தால் அதைத் திறக்கும் சாவி அழிந்துபோகிறது. ரிப்பேருக்குக் கொடுக்கவும் வழி வந்துவிட்டது. சாம்சங்கின் பல போன்களில் 'மெயின்டனன்ஸ் மோடு', பிக்சலில் 'ரிப்பேர் மோடு' என்று செட்டிங்ஸில் இருக்கிறது. போட்டுக் கொடுத்தால் திரையைத் தட்டிச் சோதிக்கலாம், படங்கள் கண்ணில் படாது. அது இல்லாத போனென்றால், எதிரிலேயே உட்கார்ந்து டிஸ்ப்ளேயை மாற்றி வாங்கிக்கொண்டு வாருங்கள். பையன் முறைப்பான், முறைக்கட்டும்.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெமரி கார்டு தனி. போனை ரீசெட் செய்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும் என்று நம்பாதீர்கள். கழற்றி எடுத்துக்கொண்டு பிறகு கொடுங்கள்.