அம்மாவுக்கு இசிஜி

ஆஸ்டின் டவுனில் ஒரு கிளினிக். அம்மாவுக்கு இசிஜி எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். தமிழ் எம்.ஏ. படித்தவன் சும்மா இருப்பேனா? "இதய மின் வரைபடம்மா" என்றேன். அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை.

"கரண்ட் வைப்பாங்களாடா?"

இத்தனை வருட மொழிபெயர்ப்பில் என் சொல் எதுவும் யாரையும் இப்படி மிரட்டியதில்லை. சமாளிக்க வேண்டியதாயிற்று. கரண்ட் உள்ளே போகாது. இதயமே உண்டாக்கும் மின்சாரத்தைத்தான் அளக்கிறார்கள். அதுவும் மில்லிவோல்ட் கணக்கில். 1900களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் ஐந்தோவன், வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழையைக் காந்தத்துக்கு நடுவே கட்டினார். இதயத்தின் மின்சாரம் அதில் ஓடியதும் இழை அசைந்தது. அசைவின் நிழலைப் படம் பிடித்தார். 1924இல் நோபல் பரிசு. இன்றைய கருவியில் அந்த இழை இல்லை, எல்லாம் எலெக்ட்ரானிக்ஸ்.

அம்மா அசையவில்லை. அவருக்குத் தெரிந்த ஊரைச் சொன்னேன்: கௌரிபிதனூர். பாபா அணு ஆராய்ச்சி மையம் 1965இல் அங்கே நில அதிர்வுக் கருவிகளை வைத்தது. காந்தம் அதேதான், வேலை தலைகீழ். பூமி அதிர்ந்தால் காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று உரசாமல் நகரும். சுருளில் மின்சாரம் பிறக்கும். தொலைதூரத்து அணுகுண்டுச் சோதனைகூடத் தெரிந்துவிடும்.

"அப்ப அது பூமிக்கு எடுக்கிற இசிஜின்னு சொல்லு" என்றபடி அம்மா செருப்பைக் கழற்றினார்.

அடுத்த கட்டுரையில் 'இசிஜி' என்றே எழுதினேன்.