அட்மின் கணக்கு

கவிதைத் தொகுப்புக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த ஏப்ரலில் கணினித் திரையில் பச்சைப் புள்ளிகள் விழத் தொடங்கின. எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும் மாதம். நாலு நாளில் புள்ளிகள் கோடுகளாயின. திரை கறுத்துப்போய்த் தானே மீண்டது. மெய்யெழுத்தின் புள்ளி எது, கோளாறின் புள்ளி எது என்று பிரிக்க முடியவில்லை.

பழுது பார்க்கும் கடைக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வீட்ல சார் இருந்தா குடுங்க மேடம், அவர்கிட்டச் சொல்லிக்கிறேனுங்க" என்றார் கடைக்காரர். கணினி என் சம்பளத்தில் வாங்கியது. சார் அதில் கிரிக்கெட் பார்ப்பார்.

நானே பார்ப்பது என்று உட்கார்ந்தேன். கோடு விழும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைப்பேசிக்கு அனுப்பிப் பார்த்தேன். அங்கும் கோடு இருந்தது. அப்படியானால் மானிட்டர் மீதும் கேபிள் மீதும் குற்றமில்லை. படம் உருவாகிற இடத்திலேயே பிழை. சுவடிப் பதிப்பில் நாங்கள் செய்வதும் இதுதான். பிழை ஏடு எழுதியவர் செய்ததா, அவர் பார்த்து எழுதிய ஏட்டிலேயே இருந்ததா என்று இன்னொரு பிரதியை வைத்துப் பார்ப்போம்.

அடுத்து டிரைவர் மென்பொருளை நீக்கிப் புதிதாக ஏற்ற வேண்டும். நீக்கப் போனால் அட்மின் கடவுச்சொல் கேட்டது. கணினி வந்த அன்று கணக்குகளை உண்டாக்கியவன் மகன். அவன் அட்மின், அவன் அப்பாவும் அட்மின். என் கணக்கின் பெயர் 'அம்மா', வகை ஸ்டாண்டர்ட். யாரும் யோசித்துச் செய்ததில்லை. மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று 1989-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. இன்றும் எங்கள் பக்கம் பத்திரம் எழுதும்போது பெண்ணின் பெயர் இப்படித்தான், யாரும் யோசிக்காமலே, விட்டுப்போகிறது. விடுதியிலிருந்த மகனுக்குப் போன் செய்தேன். "உனக்கெதுக்கும்மா, லீவுக்கு வந்து நான் பாத்துக்கறேன்" என்றான். மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் சொன்னான். முதல் வேலையாக என் கணக்கை அட்மின் ஆக்கினேன். டிரைவர் அப்புறம்.

1946-ல் பிலடெல்பியாவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள். அதற்கு நிரல் அமைத்த ஆறு பெண்களும் தொடக்கத்தில் இயந்திர அறைக்குள் அனுமதிக்கப்படவில்லை. வரைபடங்களைப் பார்த்தே கற்றார்கள். போகப் போக எந்த வால்வு போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு அதை அறிந்திருந்தார்கள். அறிமுக நாள் விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. நம் வீட்டு ஹாலில் நடப்பது அவ்வளவு பெரிய விஷயமில்லைதான்.

டிரைவரை மாற்றியும் கோடு போகவில்லை. விண்டோஸ் தொடங்கும் முன் வரும் திரையிலேயே விழுந்தது. அங்கே டிரைவருக்கு வேலையே கிடையாது. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டு கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினேன். லாரி ஓயாத சாலையோரத்து வீடு. விசிறியில் தூசி அடை அடையாக இருந்தது. விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் துடைத்தேன். பொன்னிறத் தொடுமுனைகளை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். இரண்டு நாள் சுத்தமாக ஓடியது. மூன்றாம் நாள் மறுபடி கோடு.

"ஹீட் கன் வெச்சுக் குடுத்தர்றேனுங்க" என்றார் கடைக்காரர், இந்த முறை என்னிடமே. சிப்புக்கு அடியில் கடுகைவிடச் சிறிய ஈய உருண்டைகள் வரிசையாக இருக்கும். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, அவற்றில் விரிசல் விடும். 2008-ல் என்விடியா நிறுவனம் தன் சில லேப்டாப் சிப்புகளில் இந்த வகைப் பழுதுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. வெளியிலிருந்து சூடு காட்டினால் சில வாரம் ஓடும், பிறகு போய்விடும். வெளிநாடுகளில் கார்டைச் சமையலறை அவனில் வைத்துச் சுட்டெடுத்தவர்கள் உண்டு. அதற்காகவாவது அடுக்களைக்குள் போனார்களே. உணவு வேகிற அவனில் ஈயத்தைச் சூடாக்குவது நல்லதில்லை என்று அங்கிருந்த யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஹீட் கன் வேண்டாம் என்றேன். எங்கள் பிராசஸரில் கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு (எல்லாவற்றிலும் இருக்காது). கார்டை எடுத்துவிட்டு மானிட்டர் கேபிளை நேராக மதர்போர்டில் செருகினேன். எழுத்தும் புள்ளியும் தெளிவாக நிற்கின்றன. விடுமுறைக்கு வந்த மகன் கேம் ஓடவில்லை என்கிறான். தொகுப்பு அச்சுக்குப் போகட்டும், புதுக் கார்டைப் பற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.