பின்பக்க நங்கூரம்

அக்டோபர் 12, சனி. எவன்ஸ்வில்

ஓஹையோ ஆற்றில் நிற்கும் எல்.எஸ்.டி. 325-க்குள் இன்று ஏறினேன். துறைமுகமே இல்லாத கரையிலும் டாங்கிகளை இறக்குவதற்கென்று கட்டிய அமெரிக்கப் போர்க்கப்பல். 1942 அக்டோபரில் பிலடெல்பியாவில் நீரில் இறங்கியது. 328 அடி நீளம், தட்டையான அடிப்பகுதி. முகப்பில் இரண்டு பெரிய கதவுகள். அவை திறந்தால் சாய்தளம் இறங்கும். உள்ளே டாங்கித் தளத்தின் இரும்புத் தரை நெடுகச் சிறு குழிகள். அலையாட்டத்தில் வண்டிகள் நகராதபடி இவற்றில்தான் சங்கிலி மாட்டிக் கட்டுவார்கள். குனிந்து ஒன்றில் விரல் விட்டுப் பார்த்தேன். பெயின்ட்டுக்கு அடியிலும் விளிம்பின் தேய்மானம் தட்டுப்பட்டது.

மனத்தில் தைத்தது பின்பக்க நங்கூரம்தான். கரையை நோக்கி வரும்போதே, தொலைவிலேயே அதைக் கடலில் போட்டுவிடுவார்கள். கப்பல் முன்னேற முன்னேற வடம் நீளும். சரக்கு இறங்கியதும் இயந்திரம் அந்த வடத்தைச் சுருட்ட, கப்பல் தன்னைத்தானே மணலிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். கரையில் மோதும் காட்சியையே எல்லோரும் எழுதுகிறார்கள். திரும்பிப் போகவும் இவ்வளவு யோசித்திருக்கிறார்களே!

அக்டோபர் 13, ஞாயிறு

தூக்கம் வரவில்லை, அதே நினைப்பு. வட ஆப்பிரிக்கா, சிசிலி, சலேர்னோ என்று சுற்றிய கப்பல், 1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டியில் ஓமஹா கரையில் இறங்கிய படைக்குத் துணைப்படையைக் கொண்டுபோனது. அங்கே ஓதம் மிகப் பெரியது. நீர் வடிந்ததும் இந்தக் கப்பல்கள் மணலில் அப்படியே உட்கார்ந்துவிடும். லாரிகள் ஈரம்கூடப் படாமல் இறங்கும். அடுத்த ஓதத்தில் கப்பல் மீண்டும் மிதக்கும்.

அந்த முதல் நடையிலிருந்து திரும்பியபோது 38 காயம்பட்டவர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுசேர்த்தது. எல்.எஸ்.டி.க்கள் பலவற்றில் டாங்கித் தளத்துச் சுவரில் ஸ்ட்ரெச்சர் மாட்ட வசதி செய்திருந்தார்கள். போகும்போது டாங்கி, வரும்போது மனிதர்கள்.

இந்தக் கப்பல்களின் வேகம் மிகக் குறைவு. 1944 ஏப்ரல் 28 அன்று, ஒத்திகைக்குப் போன இதே வகைக் கப்பல்களை இங்கிலாந்துக் கரையருகே ஜெர்மன் படகுகள் தாக்கின. இரண்டு மூழ்கின, 749 பேர் மாண்டார்கள். இவற்றில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஆபத்து தெரியும். தெரிந்தும் 325-இன் மாலுமிகள் ஆங்கிலக் கால்வாயை நாற்பது தடவைக்கு மேல் கடந்தார்கள். அந்தத் துணிவைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று, பிரான்சுக் கரையருகே எம்பயர் ஜாவலின் என்ற துருப்புக் கப்பல் அமெரிக்க வீரர்களோடு மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்து ஏறத்தாழ 700 பேரை மீட்கக் கைகொடுத்தது இந்த 325.